சிசேரியனுக்குப் பிறகு வயிறு: கட்டும் துணியும் உள்ளே இருக்கும் தசையும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: இரண்டாவது பிள்ளையும் சிசேரியன். நான்கு மாதம் முடிந்துவிட்டது. வயிறு இன்னும் ஐந்து மாதக் கர்ப்பிணியுடையதைப் போலத் தெரிகிறது. தழும்புக்கு மேலே சதை மடிந்து தொங்குகிறது. “அப்போதே துணியால் இறுக்கிக் கட்டியிருந்தால் இப்படி வந்திருக்காது” என்று மாமியார் சொல்கிறார். இரண்டு மாதத்தில் தம்பியின் கலியாணம். பெல்ட் வாங்கிக் கட்டுவதா, படுத்து எழும்பும் பயிற்சியைத் தினமும் நூறு தடவை செய்வதா, கடையில் விற்கும் மெலியும் தேநீரைக் குடிப்பதா என்பது அவருடைய கேள்வி.

பிள்ளை பெற்ற தாய்மாருடன் வேலை செய்கிற இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்ற முறையில் பதில் சொல்கிறேன். மூன்றுமே வேண்டாம். ஏன் என்பதையும், அவற்றுக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் பலர் இருக்கிறார்கள்.

முதலில் மாமியாரின் பேச்சு. வயிறு கட்டாததால் உங்கள் வயிறு பெருக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வை இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள். பிள்ளை பிறந்தவுடன் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் தொப்புள் மட்டத்தில் இருக்கும். அதன்பின் நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் குறைந்துவிடும். இதைச் செய்வது துணி அல்ல, கருப்பையின் சொந்தத் தசைதான். பிள்ளை பால் குடிக்கும்போது சுரக்கும் ஒட்சிரோசின் என்ற ஹோர்மோன் அதைச் சுருக்குகிறது. முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்ததே, அந்த வலி இந்த வேலையின் வலிதான்.

கட்டுத் துணியால் பயனே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். சத்திரசிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில் அகலமான துணியோ பட்டியோ மெதுவாகச் சுற்றியிருந்தால் எழும்பும்போதும் இருமும்போதும் காயம் குலுங்காது, வலி குறையும், தாய் துணிந்து நடப்பாள். எங்கள் பாட்டிமார் அறிந்திருந்த நன்மை இது. ஆனால் மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால், வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் கீழே போய் இடுப்புத்தளத் தசைகளில் விழும். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் அவை, பத்து மாதப் பாரத்தால் தளர்ந்தவை. தும்மும்போது சிறுநீர் கசிவதும், கீழே ஏதோ இறங்குவது போன்ற கனமும் இப்படி இறுக்கிக் கட்டுவதால் கூடக்கூடும். எங்கள் ஊர் வெக்கையில் துணிக்குள் வியர்வை ஊறிக் காயம் புண்ணாவது இன்னொரு தொல்லை. நான்கு மாதம் கடந்த உங்களுக்குப் பெல்ட் செய்யக்கூடியது ஒன்றுதான்: கட்டியிருக்கும் நேரம் வயிற்றை அமுக்கிக் காட்டும். அவிழ்த்தால் பழைய வயிறுதான்.

இனி, உங்கள் வயிற்றில் இப்போது இருப்பது என்ன என்று பார்ப்போம். “தொப்பை” என்று ஒரே பெயரால் நாம் அழைத்தாலும் அங்கே பல விடயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பு ஒன்று. வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு நேர்த்தசைகள் நடுக்கோட்டில் விலகியிருப்பது இன்னொன்று. தழும்பு உள்ளே ஒட்டிக்கொண்டு இழுப்பது, விரிந்த தோல், மலச்சிக்கலாலும் வாயுவாலும் வரும் உப்பல், பிள்ளையைத் தூக்கித் தூக்கி மாறிப்போன நிற்கும் முறை என்று மற்றவை. இவற்றில் எது உங்களுக்கு அதிகம் என்று தெரியாமல் பயிற்சி தொடங்குவதால்தான் பலர் மாதக்கணக்கில் உழைத்தும் மாற்றம் காணாமல் மனம் சோர்ந்துவிடுகிறார்கள்.

தசை விலகலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துத் தொப்புளுக்குச் சற்று மேலே, குறுக்காக வைத்து மெதுவாக அழுத்துங்கள். மூச்சை விட்டபடி தலையையும் தோளின் மேற்பகுதியையும் மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். விரல்களின் இரு பக்கமும் இரண்டு தசை விளிம்புகள் வந்து நெருங்குவதை உணர்வீர்கள். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று பாருங்கள். தொப்புளிலும் அதற்குக் கீழேயும் இதே போலப் பாருங்கள். ஒரு விரல், ஒன்றரை விரல் என்றால் கவலை இல்லை. இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் விலகல் இருக்கிறது என்று கொள்ளலாம். அகலத்தை விட நான் கவனிப்பது ஆழத்தை. விரலுக்கு அடியில் இறுக்கமாக ஏதாவது தடுக்கிறதா, அல்லது தடையே இல்லாமல் உள்ளே போகிறதா? தடுத்தால், இரண்டு தசைகளையும் நடுவில் இணைக்கும் திசு வேலை செய்கிறது. கொஞ்சம் அகலமாக இருந்தாலும் நல்ல செய்தி.

இந்த விலகல் சிசேரியனால் வந்தது அல்ல. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் வருவது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் உண்டு. “வயிற்றுத் தசையை வெட்டிவிட்டார்கள், இனிச் சேராது” என்று சொல்லி அழுகிற தாய்மார் இருக்கிறார்கள். வழக்கமான சிசேரியனில் நேர்த்தசையை வெட்டுவதில்லை. நடுவால் விலக்கிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். வெட்டித் தைக்கப்படுபவை தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் கெட்டியான உறை, வயிற்றறையின் உள்சவ்வு, கருப்பை ஆகியவை. அந்த உறைதான் மெதுவாக ஆறும். ஆறு வாரத்தில் அதன் பழைய பலத்தில் பாதியளவுதான் திரும்பியிருக்கும். மீதிக்குப் பல மாதங்கள் எடுக்கும். முதல் ஆறு வாரம் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்காதே என்று சொல்வது இதனால்தான். வாளியால் கிணற்றுத் தண்ணீர் இழுப்பதும் அரிசி மூட்டையை நகர்த்துவதும் பாரம்தான். இவை “வீட்டு வேலை” என்ற கணக்கில் நழுவிப் போய்விடுகின்றன.

விலகிய தசைகள் தாமாக நெருங்குவது பெரும்பாலும் முதல் எட்டு வாரத்தில் நடக்கிறது. அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால் பயிற்சியால் உதவ வேண்டும். நான்கு மாதம் தாமதம் அல்ல. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத் தொடங்கியவர்களும் பலன் கண்டிருக்கிறார்கள்.

படுத்து எழும்பும் பயிற்சியை ஏன் மறுக்கிறேன் தெரியுமா? கண்ணாடி முன் ஒருமுறை செய்து பாருங்கள். இடைவெளி உள்ளவர்களுக்கு, தலை உயரும்போதே வயிற்றின் நடுக்கோடு கூம்பி மேலே எழும்பும். உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்க ஆழத்தில் உள்ள தசை இன்னும் தயாரில்லை என்பதன் அடையாளம் அது. அந்த நிலையில் நூறு தடவை செய்தால், சேர வேண்டிய இடத்தை நூறு தடவை வெளியே தள்ளுகிறீர்கள். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி இறக்குவதும் அப்படியே. எந்தப் பயிற்சியாக இருந்தாலும், நடுக்கோடு கூம்பினால் அல்லது மூச்சைப் பிடித்தால்தான் செய்ய முடிகிறது என்றால், அது உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று விட்டுவிடுங்கள்.

தயார்ப்படுத்த வேண்டிய தசை வயிற்றைச் சுற்றிக் குறுக்காக ஓடுகிறது. மாமியார் கட்டச் சொன்ன துணியைப் போலவே முதுகிலிருந்து முன்பக்கம் வரை உடம்பைச் சுற்றி வருவது அதுதான். அதை எழுப்பிவிட்டால் வெளியே துணி தேவையில்லை. எழுப்புவது மூச்சால். முன்பு போலவே மல்லாந்து முழங்காலை மடித்துப் படுங்கள். ஒரு கையைத் தொப்புளுக்குக் கீழே வையுங்கள். மூக்கால் மூச்சை இழுங்கள், வயிறும் விலாவும் தாராளமாக விரியட்டும். பிறகு வாயால் மெதுவாக ஊதிவிடுங்கள். ஊதும்போது சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத்தை மேலே இழுத்து, கையின் கீழுள்ள அடிவயிற்றை முதுகெலும்பை நோக்கி மென்மையாக உள்ளே எடுங்கள். ஐந்து எண்ணும் வரை வைத்துவிட்டு முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதையும் பயிற்சியின் பாதியாகக் கொள்ளுங்கள். நாள் முழுதும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டே திரிபவர்களுக்கும் இந்தத் தசை பலவீனமாகவே இருக்கும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிள்ளை பால் குடித்துத் தூங்கியதும் படுத்த இடத்திலேயே செய்யலாம்.

ஒன்றிரண்டு வாரத்தில் இது இயல்பாக வந்துவிடும். அதன்பின், மூச்சை விட்டு அடிவயிற்றை உள்ளெடுத்த அதே நிலையில், ஒரு குதிக்காலைத் தரையோடு வழுக்கி நீட்டி மீண்டும் மடக்குங்கள், மறுகாலுக்கும் அப்படியே. அதுவும் எளிதானால் இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி இறக்குங்கள். அடுத்ததாக, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை நேராக வைத்து, ஒரு காலை மட்டும் பின்னால் நீட்டுங்கள். ஆறேழு வாரம் இப்படிப் போனால் நாற்காலியில் உட்கார்ந்து எழும்பும் பயிற்சி, சுவரில் கையூன்றித் தள்ளும் பயிற்சி என்று ஏறலாம். ஓடுவதும் குதிப்பதும், சிறுநீர் கசிவு அறவே இல்லை என்றான பிறகு.

பயிற்சிக்குக் கால் மணி நேரம்தான் எடுக்கும். மீதி நாள் முழுவதும் உடம்பை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் அதைவிடப் பெரியது. படுக்கையிலிருந்து நேராக எழும்பாதீர்கள். பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழும்புங்கள். பிள்ளையைத் தூக்கும் முன் மூச்சை விடத் தொடங்குங்கள், தூக்கும் நேரம் ஊதியபடி இருங்கள். இருமும்போது அடிவயிற்றைக் கையால் அல்லது தலையணையால் அணைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் ஒரே பக்க இடுப்பில் பிள்ளையை வைத்து, வயிற்றை முன்னே தள்ளி நிற்கும் பழக்கத்தைப் பாருங்கள்: விலா எலும்பு பின்னே சாய, வயிறு முன்னே வர, இல்லாத தொப்பையும் தெரியும். சில தாய்மாருக்கு நிற்கும் முறையைத் திருத்தியவுடனேயே வயிறு உள்ளே போனதைப் பார்த்து அவர்களே வியந்திருக்கிறார்கள்.

தழும்புக்கு மேல் மடிந்து நிற்கும் சதைக்கு வருகிறேன். உங்களை அதிகம் வருத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். சிசேரியன் வெட்டு அடிவயிற்று மயிர்க்கோட்டை ஒட்டிக் குறுக்காகப் போகிறது. ஆறும்போது தழும்பு அடியில் உள்ள உறையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இழுக்கும். மேலுள்ள சதை அந்தப் பள்ளத்தின் மேல் மடிந்து விழுகிறது. ஒரே இடத்தில் இரண்டாம் முறை வெட்டியவர்களுக்கு ஒட்டல் இன்னும் கூடுதலாக இருக்கலாம். பட்டினி கிடந்தால் இது போகாது. உதவக்கூடியது மசாஜ். காயம் முழுதாக ஆறி, பொருக்கு விழுந்து, ஆறு எட்டு வாரம் கடந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. கைகளைக் கழுவி, இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, இரண்டு விரல்களைத் தழும்பின் மேல் பதியுங்கள். தோலின் மேல் விரலை வழுக்காமல், தோலையும் சேர்த்து மேலே, கீழே, இடம், வலம் என்று நகர்த்துங்கள். எந்தத் திசையில் அசைய மறுக்கிறதோ அங்கே நின்று மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். சில நாட்களின்பின் தழும்பை விரல்களுக்கிடையே சற்றுத் தூக்கி உருட்டலாம். தினம் ஐந்து நிமிடம் போதும். மரத்துப்போன உணர்வு இருந்தால் பயப்பட வேண்டாம். தோலின் சிறு நரம்புகள் வெட்டுப்பட்டதால் வருவது. பல மாதங்களில் மெல்லக் குறையும், சிலருக்கு ஒரு சிறு பகுதி அப்படியே இருந்தும் விடும்.

இன்னொரு சின்ன விடயம்: உள்பாவாடை நாடாவைத் தழும்பின் மேலேயே இறுக்கிக் கட்டாதீர்கள். நாள் முழுதும் அதே கோட்டில் அழுத்தினால் பள்ளம் ஆழமாகும், மடிப்பு வெளியே தள்ளும். தொப்புள் மட்டத்தில், அகலப் பட்டியுள்ள பாவாடையாகக் கட்டுங்கள். மடிப்புக்குள் ஈரம் தங்காமல் குளித்ததும் ஒற்றித் துடைப்பதும் அவசியம். எங்கள் ஊரில் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும்.

நடை பற்றி. 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை, முஸ்லிம் குடும்பங்களில் 40 நாள் வரை, தாயை வீட்டுக்குள் வைத்திருப்பது ஓய்வு கொடுக்கும் நல்ல வழக்கம். ஆனால் ஓய்வு என்பது கட்டிலை விட்டு இறங்காமல் இருப்பது அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடக்க வேண்டும். நான்கு மாதத் தாய்க்கு அந்தத் தடை எதுவும் இல்லை. அரை மணி நேரம், வேகமாக, பேசலாம் ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்க நடந்தால் போதும். உப்புவெளிக் கடற்கரையில் ஈர மணல் கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்து நடங்கள். உலர்ந்த மணலில் கால் புதைந்து இடுப்பு நோகும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும் காலத்தில் எட்டு மணிக்கே வெயில் சுடும், ஆகவே விடிந்ததும் போய்விடுங்கள். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறுவது அருமையான பயிற்சி, ஆனால் அதைத் தட்டையான நடை பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு.

சாப்பாட்டில் எங்கள் பத்தியத்தை நான் மதிக்கிறேன். மிளகு, சீரகம், உள்ளி, வேர்க்கொம்பு அரைத்த சரக்குக் கறியும், சுறா வறையும், முருங்கை இலையும் கொண்ட தட்டில் புரதமும் இரும்புச்சத்தும் இருக்கின்றன. சத்திரசிகிச்சைக் காயம் ஆறப் புரதம் வேண்டும். பிழை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. “தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்” என்று தண்ணீரைக் குறைப்பது ஒன்று. மரக்கறியையும் பழத்தையும் குளிர் என்று ஒதுக்குவது மற்றது. இரண்டும் சேர்ந்து மலச்சிக்கலைக் கொண்டுவரும், வயிறு உப்பும், முக்கி முக்கி இடுப்புத்தளம் தளரும். பால் கொடுக்கும் தாய் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். பப்பாசி, வாழைப்பழம், கீரை எல்லாம் சாப்பிடலாம்.

பால் கொடுப்பதற்கு உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி வரை செலவிடுகிறது. ஆகவே பட்டினி தேவையில்லை. பட்டினி கிடந்தால் சோர்வு வரும், தசையும் கரையும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். குறைக்க வேண்டியது பசிக்குச் சாப்பிடும் சோற்றை அல்ல, இடையில் வருபவற்றை: மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேநீர் நாளைக்கு ஐந்து முறை, அதோடு பிஸ்கட், இரவில் பாணும் மாஜரீனும். தேநீரில் சீனியைப் பாதியாக்குங்கள். தட்டில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும், கால் பங்கைச் சிவப்பரிசிச் சோற்றுக்கு, கால் பங்கை மீனுக்கோ முட்டைக்கோ பருப்புக்கோ கொடுங்கள். எங்கள் கடலில் பிடிபடும் சூடை மீன் மலிவு, சத்தும் நிறைவு. தம்பலகாமத்து எருமைத் தயிர் நல்லது, மேலே ஊற்றும் பாணியைத்தான் குறைக்க வேண்டும். சிகிச்சை நிலையத்தில் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் நீங்களே சாப்பிடுங்கள், அது தாய்க்காகத் தரப்படுவது.

மெலியும் தேநீர் வேண்டவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது பேதிக்கு வைக்கும் இலைகள். தராசில் குறைவது தண்ணீர், கொழுப்பு அல்ல. பெட்டியில் எழுதாத மருந்துகளைக் கலந்து விற்ற மெலிவுப் பொருட்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. உங்கள் வயிற்றுக்குள் போவது பிள்ளையின் பாலிலும் போகக்கூடும்.

சில வேளைகளில் வயிற்றுக்குப் பின்னால் வேறு காரணம் இருக்கும். கர்ப்பத்தில் சீனி வியாதி இருந்தவர்கள், பிள்ளை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோசு குடித்துச் செய்யும் பரிசோதனையை மீண்டும் செய்திருக்க வேண்டும். தவறவிட்டிருந்தால் இப்போதாவது செய்யுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே சீனி, இரத்த அழுத்த ஆபத்து கூடுகிறது. அழகுக்காக மட்டும் அல்ல, இதற்காகவும் வயிற்றைக் கவனிக்க வேண்டும். அளவான சாப்பாட்டிலும் எடை குறையாமல், களைப்பும் முடி உதிர்வும் மிஞ்சினால் தைரொயிட் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதக் கருத்தடை ஊசி சிலருக்கு எடையைக் கூட்டும். அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல், வேறு முறை பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தசைக்கும் தழும்புக்கும் காலம் வேண்டும் என்பதால், அடுத்த கருவுக்கு முன் ஒன்றரை வருடமாவது இடைவெளி விடுவது நல்லது.

தழும்பு சிவந்து சூடாகிச் சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், இருமும்போது ஒரு கட்டி வெளியே தள்ளி வலித்தால், ஒரு காலில் மட்டும் வீங்கி நோவெடுத்தால், மூச்சுத் திணறினால், பயிற்சி எதுவும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கலியாணத்துக்கு வருவோம். இரண்டு மாதத்தில் வயிறு தட்டையாகும் என்று நான் சொன்னால் அது பொய். மூச்சுப் பயிற்சியும் நடையும் சீனிக் குறைப்பும் ஒழுங்காக நடந்தால், நான்கைந்து கிலோ வரை இறங்கலாம், முதுகு நிமிரும், உப்பல் போகும், சேலை வேறு மாதிரி நிற்கும். பெரிய மாற்றம் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போதுதான் தெரியும். தோல் அதிகமாக விரிந்துபோனவர்களுக்கு, எல்லாம் செய்த பிறகும் ஒரு மடிப்பு மிஞ்சலாம். அதைப் பயிற்சியால் நீக்க முடியாது. சத்திரசிகிச்சையால்தான் முடியும், அதுவும் இனிப் பிள்ளை வேண்டாம் என்று தீர்மானித்த பிறகு. அந்த மடிப்போடும் நீங்கள் ஆரோக்கியமான பெண்தான். கலியாணத்தன்று விறைப்பான பட்டுச் சேலையை விட மென்மையான துணியாகப் பார்த்து, கொசுவத்தைத் தொப்புள் மட்டத்தில் செருகுங்கள். பால் கொடுக்கச் சுலபமான சட்டை தைத்துக்கொள்ளுங்கள்.

விரல் பரிசோதனையில் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினாலோ, சிறுநீர் கசிந்தாலோ, நீங்களாகப் பயிற்சியைக் கூட்டாமல், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலோ சொல்லி, இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. போகும்போது பிள்ளைப்பேற்றின் பின் தந்த டயக்னோசிஸ் அட்டையையும் எடுத்துப்போங்கள். இரண்டாவது சத்திரசிகிச்சையில் ஒட்டல்கள் இருந்தனவா, வழக்கமான குறுக்கு வெட்டா, வேறு வெட்டா என்பது அதில் எழுதப்பட்டிருக்கலாம். எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய அது உதவும்.